டிபி வார்டில் பிறந்த குரல்

குன்னூரில் மலை ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் வெலிங்டன். ஜக்கதலா என்று வழங்கிவந்த இந்த இடத்தில் 1850களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நோய் தேறித் தங்கத்தான் பாரக்ஸ் கட்டினார்கள். இன்று அங்கே மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். காலையில் பையன்கள் மூச்சிரைக்க மேட்டில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரக்பி வர்ணனையாளர் பில் மெக்லாரன் ஞாபகம் வரும்.

1923இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்தவர். போரில் பீரங்கிப் படையோடு இத்தாலிக்குப் போய்த் திரும்பி, ஊர் ரக்பி அணியில் ஆடினார். 1947இல் தேசிய அணிக்கான தேர்வு ஆட்டம் வரை வந்துவிட்டார். அப்புறம் காசநோய். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சானடோரியத்தில் படுக்கை. அப்போதுதான் சோதனைக்கு வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் உயிரைக் காப்பாற்றியது, ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. ஆஸ்பத்திரி ரேடியோவில், நோயாளிகள் ஆடிய டேபிள் டென்னிஸை மற்ற நோயாளிகளுக்கு வர்ணிக்கத் தொடங்கினார். நுரையீரல் கெட்டவருக்கு வாயால் பிழைப்பு!

1953இல் பிபிசி அழைத்தது. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலையை விடாமலே வர்ணனைக்குப் போனார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிய தாள் நிறையப் பொடி எழுத்தில் குறிப்பு. வீரர்களை அடையாளம் பிடிக்க முன்கூட்டியே பயிற்சி மைதானத்துக்கு நடை. நம் டிவியில் முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் பலர், "நாங்க ஆடுறப்போ..." என்பதையே மூலதனமாக வைத்து முழு நாளையும் ஓட்டிவிடுகிறார்கள். ஆடிய அனுபவம் மைக்கைப் பிடிக்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வீட்டுப்பாடம்.

ரக்பியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதுவது கல்கத்தா கோப்பைக்கு. 1878இல் கலைந்துபோன கல்கத்தா ரக்பி கிளப், கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. மூன்று நாகங்கள் கைப்பிடி, மூடிமேல் யானை. 1976இல் அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக இரண்டு டிரை போட்ட ஆலன் லாசன், மெக்லாரனின் மருமகன். வர்ணனையில் மாமனார் தலைகாட்டவில்லை. எனக்கு அந்த மைக் கிடைத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

2002 ஏப்ரலில் கார்டிஃபில் அவருடைய கடைசி வர்ணனை, வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும். அன்று வேல்ஸ் ரசிகர்கள் கூட்டத்தில் ஒரு பேனர்: பில் மெக்லாரன் வேல்ஸ்காரர்.