மாலைப் பொருத்தம்

ரோஜாவுக்குத் தமிழ்க் கவிதையில் பூர்வீக வீடு கிடையாது என்று சொன்னால் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மூச்சுவிடாமல் 99 பூக்களை அடுக்குகிறார். அதில் ரோஜா இல்லை. இத்தனைக்கும் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் வெள்ளைக் காட்டு ரோஜா ஒன்று யாரும் நடாமலே பூத்துக்கொண்டிருக்கிறது. தாவரவியல்காரர்கள் அதற்கு லெஷனால்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அசல் குறிஞ்சி நிலத்துப் பூ. ஆனாலும் அது குறிஞ்சித் திணைக்குள் வரவில்லை. நமக்குக் கிடைத்த ரோஜா வேறு. ஒரு பக்கம் அத்தரும் பன்னீருமாக வந்தது. இன்னொரு பக்கம் பி.ஏ. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டமாக வந்தது.

இரண்டாவது வழியில் வந்ததைப்பற்றி எனக்கு ஓரளவு பரிச்சயம் உண்டு. காதலியை ஜூன் மாதத்து ரோஜாவுக்கு ஒப்பிட்டு ராபர்ட் பர்ன்ஸ் 1794இல் பாடினான். எங்கள் வகுப்பறையில் ஜூன் என்பது மின்விசிறி ஓடாத, சட்டை முதுகில் ஒட்டுகிற மாதம். ஜூனுக்கு என்ன விசேஷம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தக் காலத்து ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்தில் ஒரே ஒரு தரம், கோடையின் தொடக்கத்தில், பூத்து ஓய்ந்துவிடும். திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் சீன ரோஜாக்களோடு கலந்த பிறகு வந்தது. 1867இல் பிரான்சில் உருவான 'லா பிரான்ஸ்' தொடங்கி இன்று பூங்கொத்துக் கடைகளில் நிற்கிற நீளக்காம்பு ரோஜாக்கள் எல்லாம் அந்தக் கலப்பின் வாரிசுகள். பர்ன்ஸ் சொன்னது தவறவிட்டால் அடுத்த வருஷம்வரை காத்திருக்கவேண்டிய பூவை. நிலக்கோட்டையில் வருஷம் பூராவும் கிலோ கணக்கில் நிறுக்கிற பூவை மனதில் வைத்துக்கொண்டு நாங்கள் அதைப் படித்தோம். படிமம் அங்கேயே செத்துவிட்டது. மதிப்பெண் மட்டும் கிடைத்தது.

இதையெல்லாம் யோசிக்க நேர்ந்தது 2024 தை மாதத்தில், என் தங்கை கல்யாணத்துக்குப் பூ வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது. காதல் கல்யாணம். வேறு சாதி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கொண்டுவர வேண்டும். மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை; "எனக்கு அன்னைக்கு வேற சோலி இருக்குப்பா" என்றார். அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆக, மாமன் வேலையும் அப்பன் வேலையும் அண்ணன் வேலையும் வங்கியில் கௌண்டர் வேலை பார்க்கும் ஒருவனிடம் வந்து சேர்ந்தன.

ஜாதகம் யாரும் பார்க்கவில்லை. பத்துப் பொருத்தமும் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆனால் பொருத்தம் என்ற பிசாசு வீட்டை விட்டுப் போய்விடவில்லை. அது நிறத்தில் ஏறிக்கொண்டது. தங்கை கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ரோஜாவும் புடவையும் ரவிக்கையும் மாப்பிள்ளை சட்டையும் மேடைத் துணியும் கார்மேல் ஒட்டிய பூவும் எல்லாம் ஒரே குடும்பத்து நிறம். அதற்குப் பெயர் பீச். இந்தப் பழத்தை நாங்கள் யாரும் தின்றதில்லை. புடவைக் கடைகளில் நிறத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் என் மதிப்பில் நல்ல கவிஞர்கள்: மயில் கழுத்து, மாம்பழம், வெங்காயத்தோல், வாடாமல்லி. எல்லாம் கண்ணால் பார்த்த பொருள். பீச் அப்படியில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, தமிழில் 'ரோஸ் கலர்' என்று ஒரு நிறமே இருக்கிறது. பாடப்புத்தகம் இளஞ்சிவப்பு என்கிறது. தெருவில் அது ரோஸ் கலர். ஆகவே சிவப்பு ரோஸ், மஞ்சள் ரோஸ், வெள்ளை ரோஸ் என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஒரு சிறிய முரண்பாட்டை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறோம். பன்னீர் ரோஜாவைப் பார்த்தே அந்தப் பெயர் வந்திருக்கவேண்டும்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடிவதற்கு முன்னால் போய் நின்றேன். பனிக்காலம், மல்லிகை வரத்து குறைவு, முகூர்த்தம் வேறு. விலையைக் கேட்டுவிட்டுப் பெண்கள் மடிப்பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இங்கே ரோஜா என்று இருப்பது இரண்டு ஜாதி. சாக்கில் வந்து இறங்கித் தராசில் ஏறுவது ஒன்று: உதிரிப் பூ, பன்னீர் ரோஜா, காம்பு விரற்கடை இருக்காது, கையை விட்டால் இதழ் கையோடு வரும். மற்றது ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, இருபது காம்பு கொண்ட கட்டாக, அட்டைப் பெட்டியில் குளிரோடு வந்து சேர்வது. ஒவ்வொரு மொட்டுக்கும் வலைக் குல்லாய் மாட்டியிருக்கும். இதைத் தரம் பிரிப்பதில் காம்பின் நீளத்துக்குப் பெரிய பங்கு. மாலை கட்டுகிறவர் முதலில் செய்கிற காரியம் அந்தக் காம்பை நறுக்கி எறிவது. நீளத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தலையை மட்டும் கோத்துக்கொள்கிறோம்.

நிறத்தைச் சொன்னதும் கடைக்காரர் யோசித்தார். "ஓசூர்க்காரன்லாம் பிப்ரவரி பதினாலுக்குன்னு கணக்குப் பண்ணி செடியைக் கவாத்து பண்ணி விட்டிருக்கான் சார். இப்ப கொஞ்சம் டைட்டு. நல்லதுல பாதி ஏத்துமதிக்குப் போயிரும்." காதலர் தினத்துக்காக வெட்டிவிட்ட செடியிலிருந்து ஒரு காதல் கல்யாணத்துக்குப் பூ கிடைப்பது சிரமமாக இருந்தது. அவரே ஆறுதலாக, "நீலம் வேணும்னாலும் பண்ணித்தரலாம்" என்றார். நீல ரோஜா இயற்கையில் கிடையாது, அதற்கு வேண்டிய நிறமி ரோஜா இனத்திலேயே இல்லை. 2009இல் ஜப்பானில் சன்டோரி கம்பெனி மரபணுவை மாற்றி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்வைக்கு இளம் ஊதாதான். இங்கே சாயத்தில் முக்கினால் வேலை முடிந்தது.

பெட்டியைத் திறந்து ஒரு மொட்டை முகர்ந்து பார்த்தேன். ஈரத்தின் வாசனைதான் வந்தது. அட்டைப் பெட்டியில் பயணம் செய்யவும் ஜாடியில் பல நாள் நிற்கவும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் மணம் கழன்றுபோய்விட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புகைப்படத்துக்கு மணம் தேவைப்படாது.

வங்கியில் என் அன்றாடப் பிழைப்பே பொருத்தம் பார்ப்பதுதான். காசோலைக் கையெழுத்தையும் திரையில் தெரிகிற மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிடவேண்டும். கொஞ்சம் ஒத்திருந்தால் பணம் கொடுக்கலாம். அச்சு அசலாக, கோட்டுக்குக் கோடு, சுழிக்குச் சுழி ஒத்திருந்தால் சந்தேகப்படவேண்டும். மேலே தாளை வைத்து யாரோ வரைந்திருக்கிறார்கள். எந்த மனுஷனும் இரண்டு தரம் ஒரே மாதிரிக் கையெழுத்துப் போடுவதில்லை. தங்கை காட்டிய படத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். எல்லாமே அளவுக்கு மீறி ஒத்திருந்தது. இதை அவளிடம் சொன்னேன். "உனக்கு எதைப் பாத்தாலும் விமர்சனம்தாண்ணே" என்றாள். அவள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. ஊரே பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், தலையிலிருந்து கால்வரை பொருந்தி நின்று காட்டவேண்டும் என்று ஆசைப்படுவதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது.

பழைய தமிழில் எல்லாரும் ஒரே பூவை அணிந்துகொள்வது எந்தச் சந்தர்ப்பத்தில் என்று தேடினால், அது யுத்தம். ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, எதிர்நின்று பொருத தும்பை, வென்றால் வாகை. சீருடை மாதிரி. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. நெடுங்கிள்ளியும் நலங்கிள்ளியும் உறையூரில் பொருதபோது கோவூர் கிழார் நடுவில் போய்ப் பேசிய பேச்சு புறநானூற்றில் 45ஆவது பாட்டாக இருக்கிறது. இவன் சூடியது பனம்பூவும் இல்லை, வேம்பும் இல்லை. உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருகிறவன் கண்ணியும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். சொந்தக்காரர்களுக்குள் நடக்கிற சண்டையை ஒரு பூவைக் காட்டி நிறுத்தப் பார்த்த புலவர். எங்கள் மாமாவிடம் போய் இதைச் சொல்லுமளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

சட்டத்துக்கு மாலையே போதும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் வருஷத்துத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். புரோகிதர் வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாலையை எந்தக் கை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பதைப்பற்றிச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. வீடுகளுக்கு அதில்தான் அக்கறை.

வெள்ளை ரோஜா நடுநடுவே வைத்துக் கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளை ஆகாது என்றாள். அவள் சொன்ன காரணத்தைக் காட்டிலும் எனக்கு வேறொன்று தோன்றியது. சாவு ஊர்வலத்தில் வழிநெடுகப் பிய்த்து எறிகிறதும் இந்த ரோஜாதான், சிவப்பும் ரோஸ் கலருமாக. அப்பாவுக்கு எறிந்ததை டயர்களில் ஒட்டி எடுத்துக்கொண்டு டவுன் பஸ் போனது ஞாபகம் இருக்கிறது. தங்கை, பெண்கள் தலைக்குச் செருகப் பீச் ரோஜாப் பட்டியல் ஒன்று எழுதியிருந்தாள்: பதினான்கு பேர். முதல் பெயர் அம்மாவுடையது. அம்மா அதைப் படித்துவிட்டு, மளிகைச் சீட்டில் விலை அதிகமான சாமானை அடிப்பதுபோல, பேனாவால் அடித்தாள். அகநானூற்று 86ஆம் பாட்டில் மணப்பெண்ணைப் பூவும் நெல்லும் கலந்த நீரால் ஆட்டுகிறார்கள். ஐயர் இல்லை, தீ இல்லை என்று நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிற பாட்டு. நீராட்டுகிறவர்கள் மகனைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர். அங்கேயும் என் அம்மா நிற்க இடம் இல்லை.

பணம் கொடுக்கும்போது கடைக்காரர், "மாமன் மாலை தனியா வருதா, நாங்க கட்டணுமா?" என்று கேட்டார். கட்டுங்கள் என்றேன். "அதுவும் இதே கலர்லதான?" அது பன்னீர் ரோஜாவில் இருக்கட்டும், இடையில் மருக்கொழுந்து வையுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. எங்கள் அம்மாவின் கல்யாணப் புகைப்படத்தில், கறுப்பு வெள்ளையில், அவள் கழுத்தில் கிடப்பது இதழ் நெருக்கிக் கட்டிய மாலை. அது பன்னீர் ரோஜா என்றும் அதை மாமா பதினைந்து வயதில் சைக்கிளில் கொண்டுவந்தார் என்றும் பல தடவை கேட்டிருக்கிறேன். ரசீதில் 'மாமன் மாலை - 1' என்று எழுதி, ஜோடி மாலைக் கணக்கோடு கூட்டிக் கொடுத்தார்.

முகூர்த்தத்தன்று காலை ஐந்து மணிக்குக் கூடைகள் வந்தன. ஈரத்துணியை நீக்கிப் பார்த்த அம்மா, பீச் மாலைகளைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றாவதை இரண்டு கையிலும் ஏந்தினாள்.

"அவன் குடுத்துவிட்டானா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் முகத்தை மாலைக்குள் வைத்து எடுத்தாள். "அவன் ஊர்ல பன்னீர் ரோஜா ஏது, எல்லாம் கோழிக்கொண்டைதான்" என்றாள். குரலில் வருத்தம் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குள் போனாள். பெரியம்மா ஒருத்தி, "ஏய், நீ எதுக்குடி, யாராவது சுமங்கலியக் கூப்புடு" என்று பின்னாலேயே எழுந்து ஓடினாள். அதற்குள் அம்மா தங்கையின் கழுத்தில் போட்டுவிட்டிருந்தாள்.

மேடையில் தங்கை அதைக் கழற்றாமல் அதன்மேலேயே மாப்பிள்ளை போட்ட பீச் மாலையை ஏற்றுக்கொண்டாள். அடர்ந்த ரோஸ் கலர் பக்கவாட்டில் பிதுங்கித் தெரிந்தது. இதழ்கள் புடவையில் உதிர்ந்துகொண்டிருந்தன. உள்ளே இருக்கிறதை எடுத்துவிட்டால் படம் நன்றாக வரும் என்று புகைப்படக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.