ஒற்றைக்கண் அரக்கனும் ஒரு பழைய வகுப்பும்



கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் முழுக்க இடது கண்ணில் கட்டு. அதைப் பார்த்த பேரன், "தாத்தா, நீங்க சைக்ளோப்ஸ் மாதிரியே இருக்கீங்க!" என்று கைகொட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு அந்தக் கதை நினைவிருக்கும். ஹோமரின் ஒடிசியில் வருவது. டிராய் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஒடிஸியஸ் பன்னிரண்டு பேரோடு ஒரு குகைக்குள் போகிறான். அது கடல் தெய்வம் பொசைடனின் மகன் பாலிஃபீமஸின் குகை. அந்த ஒற்றைக்கண் அரக்கன் ஆறு பேரைத் தின்றுவிடுகிறான். "என் பெயர் யாருமில்லை" என்று சொல்லி, மதுவைக் கொடுத்து மயக்கி, ஒலிவ மரக் கழியைத் தீயில் காய்ச்சி அவன் கண்ணில் செருகுகிறான் ஒடிஸியஸ். அலறல் கேட்டு மற்ற அரக்கர்கள் ஓடிவந்தால், "என்னைக் கொல்வது யாருமில்லை!" என்கிறான் பாலிஃபீமஸ். அப்படியானால் சரி என்று அவர்கள் போய்விடுகிறார்கள்.

இந்த இடத்தில் வகுப்பே சிரிப்பில் அதிரும். நானும் விடமாட்டேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பெஞ்சுகளைத் தடவித் தடவி நடந்து காட்டுவேன்.

ஒரு வருடம் அந்த வகுப்பில், கிட்டிப்புள் பட்டு ஒரு கண்ணில் பார்வை போன பையன் இருந்தான். நடிக்கும்போது அவன் நினைவு எனக்கு வரவே இல்லை. மறுநாளே அவனுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. கூப்பிட்ட நாலு பேரை முட்டி போட வைத்தேன். பெயர் போகவில்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்தவன் கடைசி பெஞ்சுக்குப் போனான். அதன்பின் என் வகுப்பில் அவன் கை தூக்கியதே இல்லை. தப்பு என்னுடையது என்று அவனிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பேரனை உட்கார வைத்து, வகுப்பில் நான் விட்டுவிட்டதையும் சேர்த்துச் சொன்னேன். கண் போன பாலிஃபீமஸ் குகை வாசலில் உட்கார்ந்து, வெளியே போகும் ஆடுகளின் முதுகைத் தடவிப் பார்க்கிறான். கடைசியாக வருகிறது அவனுடைய பெரிய கிடா. அதன் வயிற்றடியில் ஒடிஸியஸ் தொங்குகிறான். அது தெரியாமல், "எப்போதும் நீதானே முதலில் போவாய், இன்று ஏன் கடைசி? என் கண் போன துக்கமா?" என்று கிடாவிடம் கேட்கிறான் அவன்.

ஹெசியட் என்ற கவிஞர் பாடிய சைக்ளோப்ஸ் வேறு. பிராண்டீஸ், ஸ்டெரோபீஸ், ஆர்ஜீஸ் என்று மூன்று சகோதரர்கள். ஜீயஸின் இடி ஆயுதத்தைச் செய்து கொடுத்ததே அந்த ஒற்றைக்கண்ணர்கள்தான். இதையும் அன்று சொல்லியிருக்கலாம். சிரிப்பு வந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கிடா திரும்பி வந்துச்சா தாத்தா?" என்றான். ஒடிஸியஸ் அதைக் கொண்டுபோய் ஜீயஸுக்குப் பலி கொடுத்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கமென்டில் அவன் பெயரைப் போடவேண்டாம். அந்தப் பட்டப்பெயரையும்தான்.