ஆளுக்கு ஒரு வரி... வகுப்புக்கே ஒரு கவிதை!

நியூயார்க் என்றதும் சுதந்திர தேவி சிலையும் டைம்ஸ் சதுக்கமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஊரில், மன்ஹாட்டன் தீவின் கிழக்குப் பக்கம், சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஒரு தெரு இருக்கிறது. கிழக்கு 12-ம் தெரு. சின்னப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கவிதை எழுதும் ஒரு விளையாட்டு, 1968-ல் இந்தத் தெருப் பள்ளி ஒன்றில் நடந்து, பிறகு பல ஊர் வகுப்பறைகளுக்கும் பரவியது.

'எல்' ரயிலில் வந்து முதலாம் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கினால், அது 14-ம் தெரு. அங்கிருந்து தெற்கே இரண்டு தெரு தள்ளி, கிழக்கே திரும்பி நடக்க வேண்டும். இருபுறமும் பழைய செங்கல் குடியிருப்புகள். தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்க, முகப்பிலேயே இரும்புப் படிக்கட்டுகள் தொங்குகின்றன. 437-ம் எண் கட்டடத்தில் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் சுமார் இருபது ஆண்டுகள் குடியிருந்தார்.

அதைத் தாண்டினால் அவென்யூக்களுக்கு எண் கிடையாது. ஏ, பி, சி, டி என்று எழுத்துகள்தான் பெயர்! ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே வேலியடைத்த ஒரு தோட்டம். சும்மா கிடந்த மனைகளை அக்கம்பக்கத்தார் சேர்ந்து சுத்தம் செய்து, செடி வைத்து உண்டாக்கியது. 'பிரகாசமான சூரியன்' என்று ஸ்பானிஷ் மொழியில் பெயர். புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைப்பு தேடி வந்த குடும்பங்கள் நிறைந்திருந்த பகுதி இது. 'லோயர் ஈஸ்ட் சைடு' என்ற ஆங்கிலப் பெயர் அவர்கள் வாயில் 'லோய்சைடா' ஆனது. இன்று சி அவென்யூவுக்கு அந்தப் பெயரும் உண்டு.

பி அவென்யூவைக் கடந்தால் 610-ம் எண். அன்று 'பி.எஸ். 61' என்ற அரசுத் தொடக்கப் பள்ளி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் கவிஞருமான கென்னத் கோக், தன் 43-வது வயதில் இங்கே கவிதை சொல்லித்தர வந்தார்.

வந்தவருக்கு முன்னால் இருந்தது பெரிய சிக்கல். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம் என்று தடுமாறிய பிள்ளைகள் பலர். எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பேனாவைத் தொடவே தயங்குபவர்களும் உண்டு. 'ஆளுக்கு ஒரு கவிதை எழுதுங்கள்' என்று சொல்லியிருந்தால் பாதி வகுப்பு வெற்றுத் தாளைத்தான் நீட்டியிருக்கும்.

கோக் வேறு மாதிரி கேட்டார். ஆளுக்கு ஒரே ஒரு வரி போதும். 'எனக்கு ஆசை' என்று தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறம், ஒரு சித்திரக்கதைப் பாத்திரம், ஓர் ஊர் அல்லது நாடு வர வேண்டும். எதுகை மோனை தேவையில்லை. எழுத்துப் பிழை பற்றிக் கவலையும் வேண்டாம். வரிகளை வாங்கிக் கலைத்து, ஒரே கவிதையாக உரக்கப் படித்தார். தன் வரி வரும்போது அது யாருடையது என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியும். நன்றாக இருந்தால் உள்ளுக்குள் சந்தோஷம். சுமாராக இருந்தாலும் அவமானம் இல்லை, அடுத்த வரி வந்து மூடிவிடும்.

இது திடீரென்று தோன்றியதல்ல. கவிஞர்கள் கூடி எழுதிய கவிதைகளுக்கென்றே 1961-ல் ஒரு பத்திரிகைச் சிறப்பிதழைத் தொகுத்தவர் அவர். பெரியவர்களின் விளையாட்டைத்தான் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

கூட்டுக் கவிதையில் கூச்சம் விட்டதும், பிள்ளைகள் தனியாகவே எழுதத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாத சிறுசுகள் வாயால் சொல்ல, பெரியவர்கள் எழுதிக்கொண்டார்கள். இன்னொரு நாள், கவிதைக்குள் ஸ்பானிஷ் சொற்களையும் சேர்க்கச் சொன்னார் கோக். அதுவரை ஆங்கிலத்தில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம், மற்றவர்கள் அர்த்தம் கேட்க வேண்டியதாயிற்று. வீட்டு மொழி அன்று பாரமாக இல்லை, பலமாக இருந்தது.

இந்த அனுபவங்களையும் பிள்ளைகளின் கவிதைகளையும் சேர்த்து, 'ஆசைகள், பொய்கள், கனவுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1970-ல் புத்தகமாக்கினார். 2002-ல் அவர் மறைந்தார்.

610-ம் எண் கட்டடத்தின் முன் நின்று பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் தெரியாது. பெரிய கதவு, வரிசையாக ஜன்னல்கள், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளின் கூச்சல், அவ்வளவுதான். ஆனால், 'எனக்கு எழுத வராது' என்று நினைத்த பிள்ளைகளின் வரிகளை ஒரு வகுப்பே காது கொடுத்துக் கேட்டது இந்த ஜன்னல்களுக்கு உள்ளேதான்.