ஏழரை அடி

தங்கை பேரன் போன வாரம் வந்திருந்தான். கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பியிருக்கிறான். தோளில் கிராப் சென்சார் கேமரா, செல்போனில் லென்ஸ் விலைப்பட்டியல். "இதுல எதை வாங்கலாம் தாத்தா?" என்றான். "முகூர்த்த நேரத்துல நீ நிக்கிற இடத்துக்குப் பின்னால எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். தன் கேள்வியையே இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் அல்ல, அவனைப் போல இரண்டு பங்கு வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

2009 தை மாதம். பிலிம் கேமராவோடு இருபது வருஷம் கல்யாணம் எடுத்துவிட்டு, முதல் டிஜிட்டலாக நிக்கான் டி90 வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதோடு 18-105 லென்ஸ் ஒன்றும் சேர்ந்து வந்தது. அதை அப்படியே பைக்குள் போட்டேன். கேமராவோடு ஒட்டி வருகிற லென்ஸ் கற்றுக்குட்டிக்கு என்று ஒரு திமிர். என்னிடம்தான் பழைய 50 எம்எம் இருக்கிறதே! எத்தனையோ தாலிகளைப் பார்த்த கண்ணாடி அது. நிக்கான்காரர்கள் 1959-இல் வைத்த லென்ஸ் வளையத்தை மாற்றாமலே வைத்திருந்ததால், புதுக் கேமராவிலும் 'டக்'கென்று உட்கார்ந்தது. அப்படிப் பொருந்தியதுதான் என்னை ஏமாற்றியது. பொருந்தாமல் போயிருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். பிலிமில் படம் விழுகிற இடம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 உயரம். டி90-இன் சென்சார் ஏறக்குறைய 24-க்கு 16. பரப்பில் பாதிகூட இல்லை. லென்ஸ் பழையபடிதான் படம் போடுகிறது. சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுகிறது. இதைத்தான் கிராப் என்கிறார்கள். அதனால் என் 50, பழைய கணக்கில் 75 போல நடந்துகொள்ளும். நிக்கானில் ஒன்றரை மடங்கு, கேனனில் 1.6 மடங்கு. இதெல்லாம் பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்திருக்கும். நான் பிரிக்கவில்லை.

மணமேடையில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. பொண்ணு மாப்பிள்ளைக்கு எதிரே ஐந்தடி. அங்கே நின்றால் 50-இல் இருவரும் மார்பளவுக்கு அழகாக விழுவார்கள். அன்றைக்கு அதே ஐந்தடியில் நின்று கண்ணை வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளையும் பொண்ணின் ஒரு காதும் தெரிந்தார்கள். பழைய படம் வேண்டுமென்றால் ஐந்தடி ஏழரை அடியாக வேண்டும். ஏழரை என்று நம்மவர்கள் சும்மாவா பயப்படுகிறார்கள்! பின்னால் மேடை விளிம்பு, விளிம்பு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒரு எட்டு பின்னால் வைத்தேன், பொண்ணின் பாட்டி காலில் மிதித்தேன். "பரவால்ல தம்பி, நல்லா எடு" என்று அவர் நகர்ந்துகொண்டார். அவர் விட்ட ஒரு அடியும் போதவில்லை.

சரி, லென்ஸை மாற்றிவிடலாம் என்று 50-ஐக் கழற்றினேன். பைக்குள் கையை விட்டேன். கெட்டிமேளம்! அத்தனை கைகளும் மேலே போயின. அட்சதை பொண்ணு மாப்பிள்ளை தலையில் விழுந்தது, வாத்தியார் மேல் விழுந்தது, வாய் திறந்து கிடந்த என் கேமராவுக்குள்ளும் விழுந்தது. உள்ளே கண்ணாடி மேல் மஞ்சளாக நாலு அரிசி. கவிழ்த்துத் தட்டி, 18-105-ஐத் திருகி நிமிர்ந்தபோது நாத்தனார் இரண்டாவது முடிச்சில் இருந்தார். மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு என்னிடம் இல்லை.

பந்தியில் பொண்ணின் அப்பாவைத் தேடிப்போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "முடிச்சு விழுந்துச்சுல்ல, ஊரே பாத்துச்சு. நீங்க சாப்புடுங்க" என்றார். அவர் மனைவி அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை, அதுவும் நியாயம்தான். வீடியோக்காரர் தன் டேப்பிலிருந்து அந்த நொடியை ஒரு படமாக எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும் என்பதால், ஆல்பத்தில் தபால்தலைக்கு அண்ணன் மாதிரி ஒரு மூலையில் ஒட்டினேன். அதுவரை வீடியோக்காரர்களின் விளக்கைத் திட்டிக்கொண்டே இருந்தவன் நான்.

அப்புறம் கடன் வாங்கி டாம்ரான் 17-50 ஒன்று வாங்கினேன். அது ஜூமின் இரண்டு முனையிலும் 2.8 வரை திறக்கும். கேமராவோடு வரும் லென்ஸ்கள் தூரத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தால் 5.6-க்குச் சுருங்கிவிடும். அதாவது கால் பங்கு வெளிச்சம். பட்டப்பகல் ரிசப்ஷனுக்கு அது போதும். விடிகாலை நாலரை மணி முகூர்த்தத்துக்குப் போதாது. ஆனால் 17-ஐக் கண்டவுடன் எல்லாவற்றையும் 17-இலேயே எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். குரூப் படத்தில் ஓரத்தில் நின்ற அத்தை ஒருவர் பக்கவாட்டில் ஒன்றரை ஆளாக விழுந்தார். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று அவரே கேட்டார். அதிலிருந்து இடம் இருந்தால் நாலடி பின்னால் போய் 24-க்கு மேல்தான் குரூப்.

அதே 2009-இல் நிக்கான் கிராப் கேமராவுக்கென்றே 35 எம்எம், 1.8 ஒன்று விட்டது. பழைய 50 பார்த்த அகலத்தை இது பார்க்கும். பிளாஷ் இல்லாமல் குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே முகம் வரும். ரொம்பத் திறந்து கிட்டே நின்றால் மாப்பிள்ளை பளிச்சென்றும் பொண்ணு பனியிலும் இருப்பார்கள். பொண்ணு வீட்டுக் கல்யாணத்தில் அது நடந்தால் மீதிப் பணம் வராது. இருவருக்கும் 4-க்குக் குறைக்கக் கற்றுக்கொண்டேன்.

மானத்தை வாங்கிய 50-ஐ விற்கவில்லை. பொண்ணுக்கு ஜடை தைக்கிற அறையில், வாசலோரம் நின்றபடி முகத்தை மட்டும் எடுக்க அந்த 75 கணக்கு அமைப்பாக வந்தது. பிற்பாடு வாங்கிய 85-ம் அப்படித்தான். 127 போலப் பார்க்கும்; கன்னிகாதானத்தில் அப்பாக்கள் கண்ணைத் துடைப்பதைத் தூணுக்குப் பின்னாலிருந்தே எடுக்கலாம். கிட்டே போனால் மனுஷன் சிரித்துவிடுவார். இரண்டாவதாக ஒரு கேமரா வாங்கியதும் மேடையில் லென்ஸ் கழற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

பேரனுக்கு இவ்வளவையும் சொன்னேனா? இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் அவனுக்குக் கேட்கப் பொறுமை கிடையாது, எனக்கும் அன்றைக்கு மூச்சு வாங்கியது. "மொதல்ல மண்டபத்தைப் போய்ப் பாத்துட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மண்டபத்திலிருந்தே கூப்பிட்டான்.

"தாத்தா, டேப் வச்சு அளந்துட்டேன். ஆறடிதான். பக்கத்துல ஒரு தூண் இருக்கு, சாஞ்சு நின்னுக்குவேன்."

"நில்லு. அந்தத் தூண்ல வாழமரம் கட்டப்போறாங்களான்னு கேட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, காதிலிருந்து போனை எடுக்காமலே, யாரையோ "அண்ணே... அண்ணே..." என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது.