கல்லுக்கேற்ற இயந்திரம்

சுண்ணாம்பின் துணையின்றி நம் வாழ்வில் ஒரு நாளும் கழிவதில்லை. வீட்டுச் சுவருக்கு வேண்டும், வெற்றிலைக்கு வேண்டும், சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைத் தெளிவிக்க வேண்டும். திருவிழா நெருங்கும்போது நம் ஆலயங்கள் வெள்ளை பூசிக்கொள்கின்றன. நவம்பர் 2-ஆம் நாள் வருமுன் நம் முன்னோரின் கல்லறைகளும் வெள்ளையுடுத்துகின்றன. யோர்தானைக் கடந்தவுடன் பெருங்கற்களை நட்டு, அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசித் திருச்சட்டத்தை எழுதுமாறு மோசே மக்களுக்குக் கட்டளையிட்டதாக இணைச்சட்ட நூல் கூறுகின்றது. இத்துணைப் பழமையான பொருளுக்காக யார் கல்லுடைக்கிறார்கள், எப்படி உடைக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் 2022-ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அரியலூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புக் காளவாய் நடத்திவருகிறவர்கள் நாங்கள். இம்மாவட்டத்து மண் ஒரு காலத்தில் கடலின் அடித்தளமாயிருந்தது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகளைக் கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் இன்றும் காணலாம். இக்கல்லை நம்பிப் பெரிய சிமெண்டு ஆலைகளும் வாழ்கின்றன. எங்களைப் போன்ற சிறிய காளவாய்க்காரர்களும் வாழ்கின்றோம்.

எங்கள் களத்தில் பன்னிரண்டு பெண்கள் சம்மட்டி கொண்டு கல்லுடைத்து வந்தனர். அவர்களில் பலர் எங்கள் தந்தையார் காலத்திலேயே வேலைக்கு வந்தவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்களுடைய தோளும் முதுகும் தளர்ந்தன. கற்சில்லு தெறித்துக் கண்ணில் பட்ட நாள்களும் உண்டு. அவர்களுக்குப் பின் அவ்வேலைக்கு வர இளையோர் எவருமில்லை. வரவேண்டும் என்று நாங்கள் விரும்பவுமில்லை. எனவே இயந்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை எளிதாகவே கிடைத்தது. எந்த இயந்திரம் என்ற கேள்விதான் எங்களைப் பல மாதங்கள் அலைக்கழித்தது.

முதலில் கல்லைக் கேளுங்கள்

இயந்திர விற்பனையாளர்கள் வண்ணப் படங்களோடு வந்தனர். மணிக்கு எத்தனை டன் உடைக்கும் என்பதே அவர்கள் அனைவரும் சொன்ன முதற் செய்தி. எங்கள் பங்கைச் சேர்ந்தவரும், சிமெண்டு ஆலையொன்றில் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்றவருமான பெரியவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர் சொன்ன வழி வேறு. "இயந்திரத்தை விசாரிக்குமுன் கல்லை விசாரியுங்கள், அதன்பின் காளவாயை விசாரியுங்கள், டன் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

கல்லை விசாரிப்பது எங்ஙனம்? கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளவிடுவர். சுண்ணாம்புக் கல்லின் முக்கியப் பொருளான கால்சைட்டு அவ்வளவில் மூன்றாம் படியில் நிற்கிறது. பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும். மணலிலும் சக்கிமுக்கிக் கல்லிலும் உள்ள சிலிக்காவோ ஏழாம் படியில் நிற்கிறது. அது கண்ணாடியையே கீறிவிடும். சுண்ணாம்புக் கல் மெத்தென்றிருந்தாலும் அதனுள் சிலிக்கா மிகுந்திருக்குமாயின், இயந்திரத்தின் எஃகை அரம் போல் அராவித் தின்றுவிடும். ஆகவே குவியலின் பல இடங்களிலிருந்து கல்லெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். ஒரே கல்லை அனுப்பியிருந்தால் அந்த ஒரு கல்லின் கதை மட்டுமே தெரிந்திருக்கும்.

கல்லோடு ஒட்டிவரும் களிமண்ணும் கவனிக்க வேண்டியது. மழைக்காலத்தில் அது பிசின் போல் இயந்திரத்தின் வாயை அடைத்துவிடும். எனவே எந்த இயந்திரமாயினும், கல் அதனுள் விழுமுன் இரும்புக் கம்பிகளாலான சல்லடையொன்றின்மேல் உருண்டு வந்து மண்ணையும் பொடியையும் உதிர்த்துவிடுதல் நலம் என்று அறிந்தோம்.

அடுத்துக் காளவாயைக் கேளுங்கள்

உடைத்த கல் எதற்குப் பயன்படப்போகிறது என்பது இரண்டாவது கேள்வி. சிமெண்டு ஆலைக்குப் பொடி விழுவதால் நட்டமில்லை. எப்படியும் கல்லை மாவாக அரைக்கத்தான் போகிறார்கள். சாலைக்குப் போகும் ஜல்லி தட்டையாயிராமல் கனசதுரம் போன்று அமைய வேண்டும். காளவாயின் தேவையோ இவ்விரண்டிலும் வேறு.

காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் கல்லிலுள்ள கரிவளி வெளியேறுகிறது. தூய கல் 100 கிலோவிலிருந்து 56 கிலோ கற்சுண்ணாம்பே கிடைக்கும். மீதி 44 கிலோவும் காற்றோடு போய்விடும். இவ்வேக்காடு சீராக நடக்க, கற்கள் ஏறக்குறைய ஒரே அளவாயிருத்தல் வேண்டும். பெருங்கல்லின் நடுவே வேகாத கல் எஞ்சிவிடும். சிறுகல்லோ மிகையாக வெந்து, பின்னர் நீற்றும்போது எளிதில் நீறாது. பொடி விழுந்தால் கற்களின் இடைவெளி அடைபட்டுக் காற்றோட்டம் தடைப்படும். நெருப்பு மூச்சுத் திணறும். சுருங்கச் சொன்னால், எங்களுக்கு வேண்டியது பொடி குறைந்த, அளவொத்த கல்.

இவ்விரு விடைகளையும் கையில் வைத்துக்கொண்ட பிறகே இயந்திரங்களைப் பார்த்தோம்.

ஜா கிரஷர் எனப்படும் தாடைப் பொறி பழமையானது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தார் சாலை போட முற்பட்டபோது, ஜல்லியைக் கையால் உடைக்கும் பாட்டைக் கண்ட எலி விட்னி பிளேக் என்பவர் அதனை உருவாக்கி 1858-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அசையாத தாடை ஒன்று, அசையும் தாடை ஒன்று. இரண்டுக்குமிடையே விழும் கல், பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப் போல் நெரிபட்டு உடைகிறது. சிறிய பொறிகளில் அசையும் தாடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 முதல் 300 முறை வந்து நெரிக்கும். தாடைகளின் மாங்கனீசு எஃகுத் தகடு ஒருபுறம் தேய்ந்தால் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மறுபுறத்தையும் பயன்படுத்தலாம். கல்லோடு இரும்புத் துண்டு சேர்ந்து விழுந்துவிட்டால், பின்னாலுள்ள டாகிள் என்னும் தகடு தான் முறிந்து பொறி முழுவதையும் காப்பாற்றும். இதன் குறை, ஒரே தடவையில் மிகச் சிறியதாக உடைக்க இயலாமை. கல்லின் அளவை நான்கில் அல்லது ஆறில் ஒரு பங்காகக் குறைக்கும், அவ்வளவே.

இம்பாக்ட் கிரஷர், ஹேமர் மில் ஆகியவை வேறு இனம். இவற்றில் விரைந்து சுழலும் உருளை பொருத்திய எஃகுப் பாளங்களோ சுத்தியல்களோ கல்லை அடித்துச் சிதற வைக்கின்றன. பெருங்கல்லை ஒரே தடவையில் சிறு ஜல்லியாக்கிவிடும் ஆற்றல் இவற்றுக்குண்டு. ஜல்லியின் வடிவமும் நன்றாயிருக்கும். ஆயினும் பொடியும் தூசியும் மிகுதி. கல்லில் சிலிக்கா நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டால் சுத்தியல்கள் விரைவில் தேய்ந்துபோகும் என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

விற்பனையாளரில் ஒருவர், இம்பாக்ட் கிரஷர் ஒன்றே போதும், இரண்டு வேலையையும் முடித்துவிடும் என்று வற்புறுத்தினார். விலையும் கவர்ச்சியாயிருந்தது. நாங்கள் ஒரு வண்டி நிறைய எங்கள் கல்லையே ஏற்றிச் சென்று, இருவகை இயந்திரமும் ஓடும் களங்களில் உடைத்துப் பார்த்தோம். இம்பாக்ட் கிரஷரின் அடியில் குவிந்த பொடியைக் கண்டதும் எங்கள் ஐயம் தீர்ந்தது. பிறர் கல்லை உடைத்துக் காட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது அறிவுடைமையாகாது.

தூசி எங்கே போகும்?

தாடைப் பொறி என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பதினாறுக்குப் பத்து அங்குல வாயுடைய சிறு பொறியே போதும் என்றும் கண்டோம். வாயின் அகலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்ட கல்லைப் போடலாகாது என்பது விதி. எங்களுக்கு வரும் கல் எட்டு அங்குலத்துக்கு உட்பட்டதே. கையிலிருந்த பணத்துக்கு அடுத்த அளவுப் பெரிய பொறியும் கிடைக்கும் என்பதால், எங்களில் சிலர் அதையே வாங்கிவிடலாம் என்றனர்.

அந்நேரத்தில் எங்கள் களத்துக் காவற்காரர் குறுக்கிட்டார். இளமையில் வெளியூரில் கருங்கல் கிரஷரில் வேலை செய்தவர் அவர். நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். "எல்லாம் பேசினீர்கள் முதலாளி. தூசி எங்கே போகும் என்று மட்டும் யாரும் பேசவில்லையே" என்றார். சற்று நேரம் அவ்விடத்தில் எவரும் பேசவில்லை.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலும் நுண்ணியதாகிய தூசியே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லவல்லது. அதில் சிலிக்கா கலந்திருந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகிறது. அதனைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோயும் அத்தகையவரை எளிதில் பற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ஆம் ஆண்டிலேயே அத்தூசியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் முதல் வகுப்பில் சேர்த்துள்ளது. சுண்ணாம்புக் கல்லில் சிலிக்கா குறைவுதான். எனினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது. மூக்கில் கட்டிக்கொள்ளும் துணி அந்நுண்தூசியைத் தடுக்காது.

ஆகவே சிறிய பொறியையே வாங்கி, எஞ்சிய பணத்தைத் தூசிக்கென ஒதுக்கினோம். கல் கொட்டுமிடம், பொறியின் அடிவாய், சல்லடை ஆகிய மூன்றிடத்திலும் பனி போல் நீர் தூவும் குழல்களை அமைத்தோம். நீர் மிகுந்தால் பொடி சேறாகும், காளவாயில் எரிபொருளும் வீணாகும். ஆதலின் தூறலளவே போதும். சல்லடையை மூடி, அடிவாயில் ரப்பர்த் திரை தொங்கவிட்டோம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவதாலும், குடியிருப்பு மேற்கே உள்ளதாலும், பொறியைக் களத்தின் கிழக்கெல்லையில் நிறுத்தினோம்.

கைகள் எங்கே போகும்?

இன்னொரு கேள்வியை எங்கள் இல்லத்துப் பெண்கள் எழுப்பினர். "சம்மட்டியைக் கீழே வைத்தபின் அந்தப் பன்னிரண்டு பேர் எதைக் கையிலெடுப்பார்கள்?"

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூர்கின்றோம். 1940-ஆம் ஆண்டு, நாசிப் படைகளின் பிடியிலிருந்த போலந்தில், கிராக்கோவ் நகரை அடுத்த ஸக்ஷுவெக் சுண்ணாம்புக் கற்சுரங்கத்தில் இருபது வயது இளைஞர் ஒருவர் கூலியாளாகச் சேர்ந்தார். சோடா உப்புத் தொழிற்சாலைக்காக அங்கே கல் வெட்டப்பட்டது. உறையும் குளிரில் கல்லுடைத்து வண்டியில் ஏற்றிய அவ்விளைஞரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். இன்று நாம் புனித இரண்டாம் யோவான் பவுல் என்று போற்றுகின்றவர். மனித உழைப்பைப் பற்றி 1981-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சுற்றுமடலில், இயந்திரம் மனிதனின் தோழனாயிருக்கவே தோன்றியது என்றும், அது அவனது இடத்தையே பறித்துக்கொள்ளும்போது ஏறக்குறையப் பகைவனாக மாறிவிடக்கூடும் என்றும் எச்சரிக்கின்றார். மூலதனத்தைவிட உழைப்பவனே முதன்மையானவன் என்பது அம்மடலின் உயிர்க்கருத்து. சம்மட்டி பிடித்த கையொன்று எழுதிய சொற்கள் என்பதால் எங்களுக்கு அவை தனி மதிப்புடையன.

பொறி வந்தபின் புதிய வேலைகள் சில தோன்றின. கல் பொறிக்குள் செல்லுமுன் சக்கிமுக்கிக் கல்லையும் களிமண் கட்டியையும் பொறுக்கியெடுக்க வேண்டும். அதற்குப் பழகிய கண் தேவை. உடைந்த கல்லைத் தரம் பிரிக்க வேண்டும். பொடியைச் சலித்துக் கோழித் தீவனத்துக்காக மூட்டை கட்ட வேண்டும். இவ்வகையில் ஒன்பது பேருக்கு நிழலில் வேலை கிடைத்தது. மூத்தவர் மூவருக்கு அதுவும் இயலவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். கொடுத்த தொகை அவர்கள் தோள்களின் முப்பதாண்டு உழைப்புக்கு ஈடாகும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பெரிய பொறி வாங்காததால் வங்கிக் கடனும் மெதுவாகவே அடைகின்றது.

அன்பர்களே, கிரஷர் வாங்குவோர் உங்களில் சிலரே இருக்கலாம். ஆனால் உழுகருவி, தறி, மாவரைக்கும் பொறி என ஏதேனுமோர் இயந்திரத்தை வீட்டுக்கோ தொழிலுக்கோ தேர்ந்தெடுக்கும் நாள் எல்லாக் குடும்பங்களுக்கும் வருகின்றது. அன்று விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். பொருளின் இயல்பைக் கேளுங்கள், பயனைக் கேளுங்கள், அந்த இயந்திரத்தின் அருகில் நாள் முழுதும் நிற்கப்போகிறவர் யார், அவர் எதைச் சுவாசிப்பார் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விற்பனையாளரின் படப்புத்தகத்தில் விடை இராது. வேலை செய்பவரை அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டால் அவரே சொல்லிவிடுவார்.