‘சூப்பர்’ சொல்லத் தடை

ஒன்பதாம் வகுப்பு ஓவிய பீரியடில் ‘சூப்பர்’, ‘நல்லா இருக்கு’ இரண்டுக்கும் தடை போட்டேன். முதல் நாள் வகுப்பே ஊமையாகிவிட்டது. பாவம், அதுக்கு மேல பேசிப் பழக்கமில்லை.

படங்களைக் கயிற்றில் துணி கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். ஹார்வர்டின் ‘ப்ராஜெக்ட் ஜீரோ’ சொல்லும் மூன்று கேள்விகளை என் பாணியில் போர்டில் எழுதினேன்: என்ன தெரியுது? என்ன தோணுது? எதைக் கேட்கணும்னு இருக்கு? வரைந்தவர் வாயே திறக்கக் கூடாது. (இதுதான் அவங்களுக்குப் பெரிய தண்டனை.)

ஒருத்தன் வேப்பமரமும் பக்கத்தில் ஆடும் வரைந்திருந்தான். கடைசி பெஞ்ச்காரி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஆட்டு நிழல் இடப்பக்கம், மரத்து நிழல் வலப்பக்கம். உங்க ஊர்ல ரெண்டு சூரியனா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். அவன் முகம் சுருங்கிப்போச்சு. என் தப்புதான்.

அடுத்த வாரம் ‘ஆஸ்டின்ஸ் பட்டர்ஃப்ளை’ வீடியோ போட்டுக் காட்டினேன். அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் பேசுவது. ஒன்றாம் வகுப்புப் பையன் சக பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒரே பட்டாம்பூச்சியை 6 முறை வரைந்த கதை. கனிவா சொல்லணும், குறிப்பா சொல்லணும், உதவுற மாதிரி சொல்லணும். அவ்வளவுதான் விதி.

நேற்று அந்த ஆட்டுப் படம் திரும்ப வந்தது. நிழல்களை அவன் தொடவே இல்லை. வானத்தைக் கறுப்பாக்கி, ஆட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தெருவிளக்கை நட்டுவிட்டான்.