அடுப்புக்கு ஒரு தனி லைன்

ஞாயிறு

அம்மாவுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. நிறை சிலிண்டரை உருட்டி வந்து ரெகுலேட்டர் மாட்டுவது இனி அவளால் ஆகாது. உள்ளே இருக்கும் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பின் கனம் தனி. அடுப்பை மேடையில் வைத்த பிறகுதான் அதன் பிளக் கண்ணில் பட்டது. தடித்த மூன்று முள். எங்கள் மதுரை வீட்டுச் சமையலறையில் இருப்பது மிக்ஸிக்கான சின்ன பாயிண்ட்.

"கடையில கன்வர்ஷன் பிளக் விக்கிறானே, அதை வாங்கி மாட்டேன்" என்றாள்.

விற்கிறார்கள்தான். 16 ஆம்பியர் முள்ளை 6 ஆம்பியர் துளைக்குள் நுழைய வைக்கும் அந்தக் கட்டையை ஏன் விற்க விடுகிறார்களோ! அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் வயர் சூடாகும் என்பதால், 6 ஆம்பியரில் வரும் சூட்டைப்போல் இரண்டு மடங்கு. மிக்ஸி சட்னி அரைபட்டதும் நின்றுவிடும். அடுப்பு அப்படியில்லை, பருப்பு வேகிறவரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

திங்கள்

எலக்ட்ரீஷியன் அண்ணன் உதவிக்கு ஒரு பையனோடு வந்தார். மெயினை அணைத்தார், டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார், பிறகே மிக்ஸி பாயிண்ட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர். எர்த் முனைக்கு வயரே வரவில்லை. நியூட்ரலிலிருந்து அரைவிரல் நீளத் துண்டு ஒன்றை வளைத்து எர்த்தில் முறுக்கி வைத்திருந்தார்கள்.

"யாரும்மா பார்த்த வேலை இது?"

அம்மாவுக்கு நினைவில்லை. கிரைண்டரும் இதில்தான் ஓடுகிறது. சுவருக்குள் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர் நின்றுபோகும். ஆனால் மோட்டார் வழியே வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு வயரில் இறங்கி கிரைண்டரின் உடம்புக்கே ஏறிவிடும். ஏன் நின்றது என்று பார்க்க அம்மா மாவுக் கையோடுதான் தொடுவாள். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றால், நியூட்ரல் அறுந்ததில்லை, அவ்வளவுதான்.

துண்டை வெட்டி எறிந்தார். எர்த் வரும்வரை கிரைண்டர் ஓடக் கூடாது என்று உத்தரவு. பழைய வயரோடு இனி எதையும் சேர்ப்பதில்லை. மெயின் பாக்ஸிலிருந்தே அடுப்புக்குத் தனி லைன்.

செவ்வாய்

சுவரை எங்கே வெட்டுவது என்பதிலேயே காலைப் பொழுது போயிற்று. மெயின் பாக்ஸ் முன்கூடத்தில், சமையலறை பின்னால். நடுச்சுவரில் இடுப்பு உயரத்தில் நேராகக் காடி எடுத்தால் தூரம் குறைவு. அண்ணன் ஒப்பவில்லை. அது நாலரை அங்குலச் சுவர். "கிடையா வெட்டினா சுவரை ரெண்டாக் கிழிச்ச மாதிரி, தம்பி."

கட்டுமான விதியும் அவர் பக்கம்தான். செங்கல் சுவரில் குத்தாக வெட்டும் காடி, கனத்தில் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்குதான். நாலரையில் ஆறில் ஒன்று முக்கால் அங்குலம். 25 மில்லிமீட்டர் பைப் அதற்குள் அடங்காது.

ஆகவே பாக்ஸிலிருந்து செங்குத்தாக மேலே, பரண்மேல் கிளாம்ப் அடித்து வெளிப்படையாக, பிறகு சமையலறையில் செங்குத்தாகக் கீழே. வயர் சில மீட்டர் கூடும். கூடட்டும். பின்னாளில் ஆணி அடிக்க வருகிறவன், சுவிட்சுக்கு நேர் மேலே வயர் போகும் என்று ஊகித்துக்கொள்வான். குறுக்காகப் புதைத்த வயரை எவன் ஊகிப்பான்? பாயிண்ட் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவி ஏறும்; சிங்க்கை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில்.

வயர் நாலு ஸ்கொயர். அப்படியானால், மின்னோட்டம் மிஞ்சினால் விழுகிற எம்.சி.பி.யை 25 ஆம்பியரில் போடலாமே என்றான் பையன். "வயர் தாங்கும்டா. பிளக் பாயிண்ட் 16தானே? எது முதல்ல கருகுமோ அதைப் பார்த்து எம்.சி.பி. போடணும்."

வியாழன்

கட்டிங் மெஷின். தூசு. வேறு எழுத ஒன்றுமில்லை. அரிசி டப்பாவுக்குள்கூடச் செங்கல் பொடி.

மாலையில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் ஸ்பிரிங்கில் கட்டி இழுத்தார்கள். பரண் வளைவில் கறுப்பு சிக்கிக்கொண்டது. நியூட்ரலைப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று பையன் கேட்க, அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுகிறோம். பேஸில் போனது நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. நியூட்ரல் வேறு வழியாகப் போனால், எங்கோ கசிகிறது என்று எண்ணி, அடுப்பைப் போட்ட நொடியே விழுந்துவிடும். அப்புறம் யாராவது வந்து, 'இது சும்மா சும்மா விழுது' என்று அதையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். பல வீடுகளில் அப்படித்தான் கழற்றியிருக்கிறார்களாம்.

சனி

ஆர்.சி.சி.பி. மாட்டும் முன் எர்த்தைப் பார்த்தார். 100 வாட் குண்டு பல்பு: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பளிச்சென்று எரிந்தது, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சிவந்து முனகியது. வீட்டு எர்த் பெயருக்குத்தான் இருந்திருக்கிறது. அது சரியில்லாமல் பச்சை வயரை மாட்டி என்ன பயன்?

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. ஈரம் காயாமல் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வைகையே பாதி வருஷம் காய்ந்து கிடக்கிற ஊரில்! பைப்பைப் பாக்ஸோடு சேர்த்துவிட்டு மறுபடி பார்த்தபோது இரு பக்கமும் பல்பு ஒன்றுபோல் எரிந்தது. மிக்ஸி பாயிண்ட்டுக்கும் ஒரு பச்சை வயர் இழுத்துக் கொடுத்தார். கூலியில் பாதிக்கு மேல் இந்தக் குழிக்கே போயிற்று. அதைக் கொடுக்கத்தான் எனக்கு மனம் உறுத்தவில்லை.

புதன்

காடியின் மேல் கோழிவலை அடித்துக் கொத்தனார் பூசியது இறுகிவிட்டது. பாயிண்ட் மாட்டியாயிற்று. முழு வேகத்தில் வெகுநேரம் தண்ணீர் கொதிக்கவிட்டு, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார் அண்ணன். சூடில்லை.

"கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?" இது அம்மா. இதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட் என்றேன். விரல் விட்டு எண்ணினாள், ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அண்ணன் அவளைப் பாக்ஸ் பக்கம் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானைக் காட்டினார். மாதம் ஒருமுறை அமுக்க வேண்டும். டக்கென்று விழுந்தால் நல்லது, விழாவிட்டால் போன் பண்ண வேண்டும். அம்மா அங்கேயே அமுக்கி, விழுந்ததைப் பார்த்து, தானே தூக்கிவிட்டாள்.

"தேதியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுப்பா. அமாவாசைக்கு அமாவாசை அமுக்கிடுறேன்."